அது தன்ரபாட்டிலை

சனிக்கிழமை பத்து மணி.
பெண்டில் ஹில் மண்டபத்தின் பின்னறை,
நான்கு மேசை, ஒரு நீட்டு வயர்,
யாரோ விட்டுப்போன யோகாப் பாய்கள்.
வருவார்கள், மடிக்கணினியைத் துவாயில் சுற்றி
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிவருவதுபோல.
எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றேதான்:
"நான் ஒண்டும் செய்யேல்லை, தம்பி.
அது தன்ரபாட்டிலை."

தன்பாட்டில் எழுத்துப் பெருத்தது.
தன்பாட்டில் திரை தலைகீழானது.
தன்பாட்டில் ஒன்பது கருவிப்பட்டைகள்
ஒன்றின் கீழ் ஒன்றாய் வந்து குடியேறி
வாடகையும் தராமல் இருக்கின்றன.

சிவகடாட்சம் அங்கிளின் கடவுச்சொல்
பிரின்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிறது.
பிரின்டரைத் தூக்க அவருக்கே ஏலாது,
ஆகவே பாதுகாப்பு.
திலகேஸ்வரி அன்ரி எதையும் அழிப்பதில்லை.
பதினோராயிரம் மின்னஞ்சல், பாதிக்குமேல்
எப்போதோ முடிந்த கதிரை மேசைத் தள்ளுபடி.
"கடையே இப்ப இல்லை, அன்ரி."
"இருக்கட்டும் தம்பி, அது சோறா கேக்குது?"

கடைசிப் பத்து நிமிடம் செய்தி.
என் சின்னப் பெருமை அது.
பழைய விண்டோஸுக்கு இனித் திருத்தம் வராது.
பற்றரி ஊதினால் குத்திப் பார்க்காதேங்கோ.
பேரனின் குரலிலேயே பேசிக் காசு கேட்கிறார்களாம்.
பிறகு, வாரம் தவறாமல், விரலை உயர்த்தி:
"நீலமாய்க் கோடு போட்டு எது வந்தாலும்
ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடுங்கோ.
கள்ளனுக்குத்தான் அவசரம். உங்களுக்கில்லை."

செவ்வாய்க்கிழமை நாற்பத்தொரு பாகை.
ஹோம்புஷில் ஒரு வீடு, ஒரு மோடம், சிவப்பு விளக்கு.
எம்-ஃபோரில் பறந்துபோய்
வாசலில் காரை நிறுத்தி வேர்வை துடைக்கையில்
போன் மினுங்கியது.
வீதிக் கட்டணம் பாக்கி. ஆறு டொலர் பன்னிரண்டு சதம்.
இன்றே கட்டாவிட்டால் தண்டம்.
இப்போதுதானே அந்த வீதியால் வந்தேன்!

கோடு நீலம்தான்.
தேத்தண்ணி குடிக்கவில்லை.
அட்டையின் பதினாறு இலக்கத்தையும்
மனப்பாடமாய் அடித்தேன், பின்பக்கத்து மூன்றையும்.
உள்ளே போய்ச் சிவப்பைப் பச்சையாக்கி,
கெட்டிக்காரன் என்ற பட்டமும் வாங்கி
வெளியே வருவதற்குள்
ஆயிரத்து நானூறு டொலர்
நான் கால்வைக்காத ஊரொன்றில்
சப்பாத்து வாங்கிக்கொண்டிருந்தது.

வங்கிப் பெண் மெல்லத்தான் கேட்டாள்,
ஏதாவது லிங்கை அழுத்தினீர்களா என்று.
என் வாய் தன்பாட்டில் திறந்தது:
நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாகவே
ஆங்கிலத்திலும் அதே வாக்கியம்தான்.
அதே குரல் நடுக்கம்.

வீட்டில் சொல்லவில்லை.
நாலு இரவு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன்.

சனிக்கிழமை, செய்தி நேரம்.
மடிக்கிற போன் ஒன்றைப் பற்றிக்
குறிப்பு எழுதித்தான் கொண்டுபோனேன்.
தாளைப் பிரித்தேன். மடித்தேன்.
"ஆறு டொலர் பன்னிரண்டு சதம்" என்று தொடங்கினேன்.

சிரிப்புக்கு ஆயத்தமாய் நின்றேன். வரவில்லை.
சிவகடாட்சம் அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார்.
"எனக்குப் பார்சல் எண்டு வந்தது. மார்கழியிலை. எண்ணூறு."
பின்னாலிருந்து, "எனக்கு வரிக் கந்தோர் எண்டு."
இன்னொருவர் தொகையைச் சொல்லவில்லை,
கையை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார்.
கதவு பூட்ட வந்த ஃபிஜிக்காரர்
தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர்
எங்கள் முகங்களைப் பார்த்து, "டோல்?" என்றார்.
நெஞ்சில் கைவைத்து, "நானும்."

இரண்டு வருடமாய் இந்த அறையில்
பிரின்டரைப் பற்றியே பேசியிருக்கிறோம்.

பன்னிரண்டுக்குப் பூட்டவேண்டிய கதவு.
ஒரு மணிக்கும் யாரும் எழும்பவில்லை,
சாவிக்காரர் உட்பட.
அன்ரியின் பதினோராயிரத்தில்
ஒன்றைக்கூட அன்று அழிக்கவில்லை.
மேசையில் ஒரு சார்ஜர் மிஞ்சிக் கிடந்தது,
யாருடையதென்று இன்னும் தெரியாது.