தொண்ணூறு வினாடி

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே வயர் செருகி நிற்கும் கார்கூட
இருமி இருமியாவது கிளம்பிவிடும்.
இந்தச் சனியன் கிளம்பாது.

கறுப்புத் திரையில் சிவப்புப் புள்ளி
அங்கும் இங்கும் நடக்கிறது,
ஏதோ ஒரு டிஸ்க்கைத் தேடி
தொண்ணூறு வரை எண்ணுகிறது,
பிறகு பாஸ்வேர்டு கேட்கிறது.

நிரோஜன் வைத்தது:
பழைய வீட்டு இலக்கமும் ஒரு தூஷணமும்.

கோப்பைத் திறந்தேன்.
நாலாவது வரியில் அவனுடைய டிஸ்க்.
கல்கரிக்குப் போன அன்று
காலுறைக்குள் சுற்றிக் கொண்டுபோனானே, அதுதான்.
இதற்கு யாரும் சொல்லவில்லை.

அழித்திருக்கலாம்.
வரிக்கு முன்னால்
ஒரு # போட்டேன்.
இருக்கட்டும், நீ வாசிக்காமல் போ.

பதினொரு வினாடி.
யார் என்று கேட்டு
இரண்டு பெயர் காட்டியது.
அவனுடையது மேலே.