சின்னப் புறாவால்

இந்த ஊரில் ஓசனிச்சிட்டு இல்லை.
இந்தக் கண்டத்திலேயே இல்லையாம்.
அதை எனக்குச் சொன்னது
முதியோர் இல்லச் சமையலறையில்
என்னோடு தட்டுக் கழுவும் போர்த்துக்கேயன்.
யந்திரத்தின் ஆவிக்குள் நின்றபடி
நான் நீட்டிய கைபேசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து
"அந்துப்பூச்சி" என்றான்.
அதற்குள் நான்
டொரொன்டோ மச்சானுக்கும்
ரயில் பெட்டி துப்புரவாக்கும் கேதாரநாதனுக்கும்
"எங்கட றோட்டில ஓசனிச்சிட்டு" என்று
படம் அனுப்பி முடித்திருந்தேன்.
கேதாரம் இன்றுவரை என்னைக்
குருவி டொக்டர் என்றுதான் கூப்பிடுகிறான்.

அந்து என்றால் எனக்கு
அரிசிச் சாக்கில் இருப்பது.
இது அப்படியில்லை.
பட்டப்பகலில் பறக்கும்.
ஒருநாள் தூறலிலும் வந்தது.
பூவில் உட்காராது;
பூவுக்கு முன்னால் காற்றில் நின்றுகொண்டு
தன் உடம்பளவு நாக்கை
ஊசிக்கு நூல் கோப்பவர்போல் உள்ளே விடும்.
கோத்ததும் உருவிக்கொள்ளும். அடுத்த பூ.
நான் கமராவைக் கண்ணுக்கு உயர்த்துவதற்குள்
ஏழு பூ முடிந்திருக்கும்.

ஜேர்மனில் இதற்குச் சின்னப் புறாவால் என்று பெயர்.
பீல் இரண்டு மொழி ஊர்,
தெருப் பலகைகூட இரண்டு தடவை பேசும்.
பிரெஞ்சுப் பெயரும் உண்டு,
அது என் வாயில் நிற்காது, பூச்சியைப் போலவே.
தமிழில் தேடியபோது கிடைத்த பெயரில்
பருந்து இருந்தது.
புறா, பருந்து.
ஆக, பறவை என்று ஏமாந்தது
நான் மட்டும் இல்லை.

தெற்கிலிருந்து அல்ப்ஸ் கடந்து வருகிறதாம்.
இதைச் சொல்லும்போது எல்லோரும்
ஒரு மாதிரிக் கனிவோடு என்னைப் பார்க்கிறார்கள்.
நான் விமானத்தில் வந்தவன்.
ஜன்னல் இருக்கை. நித்திரை கொண்டுவிட்டேன்.

ஒரு நொடியை மூவாயிரத்து இருநூறாக வெட்டி
அதில் ஒரு துண்டு: அதுதான் என் வேகம்.
அந்தத் துண்டுக்குள்ளும் சிறகின் நுனி கலங்கும்.
ஜூன் மாதம் ஆயிரத்து நூற்றுப் பதினாறு படம்.
செம்பூ, செம்பூ, மதில்,
வாலின் கறுப்பு வெள்ளை, செம்பூ,
என் கட்டைவிரல்,
ஒருமுறை தபால்காரர்.
தேறியது நான்கு.

மதில் எதிர்க் கட்டடத்துக்குச் சொந்தம்.
இரண்டாம் மாடி ஃபிராவ் ஏஷ்லிமன்
வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார்.
"ஹெர் குலா" என்றார்.
(குலவீரசிங்கம் என்ற பெயரில்
அவரால் ஏறமுடிந்த படி அவ்வளவுதான்.)
"மூன்று கிழமையாக எங்கள் ஜன்னல்களை
எதற்குப் படம் எடுக்கிறீர்கள்?"
திரையைக் காட்டினேன்.
செம்பூ. மதில். தபால்காரர்.
"ஒன்றும் இல்லையே."
"ஐந்து இருபதுக்கு வரும்" என்றேன்.
மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து பதினொன்று.
நாங்கள் பேசாமல் நின்றோம்.
அது ஐந்து இருபத்திரண்டுக்கு வந்தது.
"பிந்திவிட்டது" என்றார்.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்,
தன் மூச்சு பட்டால் போய்விடும் என்பதுபோல்.

ஜூலை இரண்டாம் செவ்வாய்
நிர்வாகத்தின் ஆட்கள் வந்து
மதிலை வழித்தார்கள்.
நான் வேலையால் வரும்போது
கல் மட்டும் இருந்தது,
சவரம் செய்த தாடைபோல் வெளிறி.
கமராவை ஏன் தூக்கிக்கொண்டு போனேன், தெரியாது.

வந்தது.
முதல் பூ இருந்த உயரத்தில் நின்றது.
நாக்கை நீட்டி
இல்லாத பூவுக்குள் விட்டது.
அரைச் சாண் நகர்ந்து
இல்லாத இரண்டாவது பூ.
வழமையைவிட மெதுவாக,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாக நின்று.
மறைக்க இதழில்லை, குறுக்கே ஆடத் தண்டில்லை.
கண் தெரிந்தது. நாக்கின் வளைவு தெரிந்தது.
பின்சிறகின் செம்மஞ்சள், வயிற்று மயிர்.
பதினாறு படம். பதினாறும் துல்லியம்.
சந்தோஷப்பட்டேன்.
அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றை அச்சிட்டு
ஏஷ்லிமனின் தபால் பெட்டிக்குள் வைத்தேன்.
மறுநாள் மாடியிலிருந்து குரல்:
"ஹெர் குலா, நல்ல படம். பூ எங்கே?"
நான் மதிலைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு படிகளில் காலடி,
இந்த முறை சப்பாத்து.
வந்து பக்கத்தில் நின்றார்.
ஐந்து பதினெட்டு.