ஒவ்வாத நிறம்

முதலில் காதுக்குப் பின்னால் ஓர் அரிப்பு.
கொசு என்று நினைத்தேன்.
நவம்பர் மாதக் கௌனஸில் ஏது கொசு?

ஐந்து வாரத்துக்கு ஒரு ஞாயிறு,
குளியலறை முக்காலி, தோளில் பழைய துண்டு,
பெட்டிக்குள் மடித்துவைத்த மெல்லிய கையுறை.
இருபத்திரண்டு வருடம்.
எங்கள் டிராலிபஸ் பணிமனையில்
ஐம்பதைத் தாண்டிய பெண்கள் அத்தனை பேருக்கும்
கத்தரிப்பூ நிறத் தலை.
தள்ளி நின்று பார்த்தால் ஒரே தோட்டம்.

அடுத்த முறை, விடிந்தும் கண் திறக்கவில்லை.
இமைகள் வீங்கி ஒன்றன்மேல் ஒன்று
படுத்துக் கிடந்தன.
தொட்டுப் பார்த்தேன்: யாருடைய நெற்றியோ.
என் வண்டியை அன்று வல்டாஸ் ஓட்டினான்.
விசாரித்தவர்களிடம்
தேனீ கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறான்.
நல்ல மனசு.

மருத்துவமனையில் என் முதுகில்
சின்னச் சின்னச் சதுரங்களாக ஒட்டினார்கள்.
குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது.
பிரித்துப் பார்த்த மருத்துவர்
ஒரே ஒரு சதுரத்தைப் பேனாவால் வட்டமிட்டார்.
நீளமான பெயர்.
நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதுபோல்
இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
கறுப்போ கத்தரிப்பூவோ,
பெட்டி மாறினாலும் உள்ளே பெரும்பாலும் இதுதான், என்றார்.
எப்போதாவது கடற்கரையில்
கறுப்பு மருதாணி வரைந்துகொண்டீர்களா?

பல்கேரியா. ஐம்பதாவது பிறந்தநாள்.
கணுக்காலில் ஒரு பல்லி.
பத்தே நாளில் அழிந்துபோன பல்லி.
அது ஏறி வந்து தலையில் விழ
மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

சீமைச்சாமந்தி ஊறிய நீரில்
கண்ணைக் கழுவலாமா என்றேன்.
சிலருக்கு அதுவும் ஒவ்வாது, என்றார்.
என் பெயர் ரமுனே.
எங்கள் மொழியில் சீமைச்சாமந்தி.
இருவரும் சிரித்தோம்.
சிரித்தால் இமை வலித்தது.

ரீகாவிலிருந்து தங்கை அனுப்பிய இலைப்பொடியை
இரண்டு நாள் கை மடிப்பில் தடவிப் பார்த்து
பயந்து பயந்து பூசினேன்.
வெள்ளை முடியை மட்டும் தேடிப் பிடித்து
காரட் ஆக்கியது.
அதன்பின் எதுவும் பூசவில்லை.
வேரில் முள்ளங்கி, நடுவில் காரட், நுனியில் கத்தரி:
சந்தைக் கூடை.
தொப்பி போட்டுக்கொண்டேன்.
குளிர்காலம் தொப்பியைக் கேள்வி கேட்பதில்லை.
பின்னால் பார்ப்பதற்கென்று வைத்த கண்ணாடியில்
சிவப்பு விளக்குதோறும்
என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

மார்ச் மாதம், சவனோரியூ சாலை வளைவில்
கூரைத் தண்டு மின்கம்பியை விட்டு நழுவியது.
இறங்கி, பின்னால் போய், கயிற்றை இழுத்து
தண்டைத் திரும்ப மாட்ட வேண்டும்.
அண்ணாந்தால்தான் மாட்ட முடியும்.
அண்ணாந்தேன். காற்று தொப்பியைக் கொண்டுபோனது.
பின்கண்ணாடி முழுக்க முகங்கள்.
கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்,
என்னவோ நடக்கப்போகிறது என்று.
ஒரு கிழவர்
தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒட்ட வெட்டிக்கொண்டேன்.
துணிச்சல்தான் உனக்கு, என்றான் வல்டாஸ்.
துணிச்சலெல்லாம் இல்லை. இமைக்குப் பயந்து.

விடுமுறை நாளில் பயணியாக ஏறியபோது
ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
வாரம் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறேன்,
வேண்டாம் என்றேன்.
இரண்டு நிறுத்தம் கழித்து உட்கார்ந்தேன்.
ஜன்னலில் தெரிந்தவள்மேல்
கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.

கடைசிப் பெட்டி இன்னும் இழுப்பறையில்.
அட்டையில் இருப்பவள் சிரிக்கிறாள்,
அவளுக்கென்ன, அவள் தலையில் வெறும் அச்சுமை.
யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை,
எறியவும் இல்லை.
நேற்று அதைத் திறந்து
கையுறையை மட்டும் எடுத்தேன்,
குளிர்ந்த சூப்புக்கு பீட்ரூட் துருவ.
ஓட்டை போலிருக்கிறது.
விரலெல்லாம் சிவப்பு, மணிக்கட்டு வரைக்கும்.

இரவு முழுக்க எழுந்து எழுந்து பார்த்தேன்.
அரிக்கவில்லை.