ஈரம் காய்வதற்குள்

வால்பரைசோவில் டிராலி பஸ் ஓட்டுகிறவளுக்கு
உட்காருவதுதான் உத்தியோகம்.
உட்கார முடியாமல் போன வியாழக்கிழமை
துறைமுகத்திலிருந்து சந்தை வரை
ஒற்றைத் தொடையில் எடையை ஏற்றி ஓட்டினேன்.

இரண்டு நாள் முன்பே சேதி வந்திருந்தது.
இடது தொடையின் உள்பக்கம் ஒரு குறுகுறுப்பு,
மின்கம்பியை விட்டுக் கம்பம் நழுவும் முன்
கூரையில் கேட்குமே ஒரு பொறி, அது மாதிரி.
பிறகு காய்ச்சல். கவட்டில் நெறி கட்டியது.

சவரக் கத்தி என்றேன் எனக்கு நானே.
புது சோப்பு என்றேன்.
பிப்ரவரி வெயிலில் ரெக்சின் இருக்கை என்றேன்.
கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்திப் பார்த்தால்
சிவந்த தோலில் ஜவ்வரிசி போல ஐந்தாறு,
ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொண்டு.
மறுநாள் உடைந்தன.
சிறுநீர் கழிக்க அடுப்பின் மேல் உட்கார்ந்தேன்;
வெதுவெதுப்பாய் ஒரு குவளைத் தண்ணீர்
ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் குறையும் என்பதை
நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

மருந்துக் கடை வரிசையில் எனக்குப் பின்னால்
தினமும் எட்டு மணிக்கு ஏறுகிற பள்ளிக்கூட டீச்சர்.
"பூஞ்சைக்கு," என்றேன், குரலை விழுங்கி.
களிம்பு கொடுத்தார்கள்.
புண் மூன்றாவது வாரம் தானாக ஆறியது.
பெருமை களிம்புக்குப் போனது.

மே மாதம்.
அதே இடம், அதே பொறி.
இந்த முறை மூன்றே மூன்று கொப்புளம்.
ஷிப்டை மாற்றிக்கொண்டு குன்றேறினேன்.

சுகாதார நிலையத்தில் பேறுகாலச் செவிலி மில்லராய்,
இடுப்புக்குக் கீழே ஊர் சொல்லாததையெல்லாம் கேட்கிறவள்.
"எப்போது வந்தது?"
"நேற்றுக் காலை."
"நல்லவேளை. காய்ந்துவிட்டால் குச்சியில் ஒன்றும் ஏறாது."
"பார்த்தாலே தெரியாதா?"
"சந்தேகம் தெரியும். பெயர் தெரியாது.
சிபிலிஸும் சில நாள் இந்த வேஷம் கட்டும்,
ரத்தமும் கொடுத்துவிட்டுப் போ."

பஞ்சு சுற்றிய குச்சி புண்ணின் அடியைத் தொட்டபோது
என் வழித்தடத்தின் நிறுத்தங்களைச் சொல்லிப் பார்த்தேன்.
நாலாவதில் முடிந்துவிட்டது.

ஒன்பது நாள் கழித்துத் தாள் வந்தது:
ஹெர்ப்பீஸ். இரண்டாம் வகை.
மற்றவை இல்லை.

யார், என்று கேட்டேன்.
என்னிடம் இரண்டு பெயர்கள் இருந்தன.
பதினேழு வருஷம் குடித்தனம் நடத்திய எர்னான்.
போன ஆண்டின் கடைசியில் வந்த லௌதாரோ,
அவனுக்காக ஒரு வசையைத் தயாராகத் தீட்டி வைத்திருந்தேன்.
மில்லராய் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
"தேதி எங்கேயும் போடவில்லை, பார்.
கொடுத்தவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.
பலருக்கு ஒரு கொப்புளம்கூட வருவதில்லை."

போய்விடுமா?
போகாது.
முதுகுத்தண்டின் அடியில் ஒரு நரம்பு முடிச்சில்
சுருண்டு படுத்துக்கொள்ளும்.
குறுகுறுத்ததும் மாத்திரை.
அந்த நாட்களில் படுக்கை தனி.
மற்ற நாட்களில் ஆணுறை, அதுவும் முழுக்காவல் இல்லை.
ஆகவே அவனிடம் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மழை.
லௌதாரோ முன் இருக்கையில்,
மடியில் மட்டிக் கூடை.
சதுக்கத்து வளைவில் கம்பம் நழுவி
வண்டி பாதித் தெருவில் நின்றது.
கையுறை மாட்டி இறங்கினேன்.
ஊர் பார்க்க, மழை முகத்தில் அடிக்க,
கயிற்றைப் பிடித்திழுத்துக் கம்பியில் பொருத்தினேன்.
இதற்கு நான் ஒரு நாளும் கூசியதில்லை.

ஏறி உட்கார்ந்தேன். இப்போது உட்கார முடிந்தது.
"உன்னிடம் ஒன்று சொல்லணும்," என்றேன்
கண்ணாடியில் அவனைப் பார்த்து.
"சொல்."
"கடைசி நிறுத்தம் வரட்டும்.
எல்லோரும் இறங்கின பிறகு,
நீ இறங்காதே."