நிரை 1731

பெரும்போக அறுவடை.
சம்மாந்துறையில், மில்லின் தராசு மேடைக்கு
உழவு மெஷின்கள் இருட்டிலும் ஏறி இறங்குகின்றன.
ஒவ்வொன்றும் ஒரு நிரையாகி
என் கணினிக்கு ஓடி வருகிறது.
வட்டில் எழுதுவதில்லை, எல்லாம் நினைவகத்தில்தான்.
கேட்டவுடன் கூட்டிச் சொல்ல வேண்டும் முதலாளிக்கு,
இந்த மணிக்கு எத்தனை கிலோ, ஈரம் சராசரி என்ன.

நிரல்களுக்கு வகை வைத்தவள் நான்.
எடை முழுவெண். ஈரப்பதன் தசமம்.
நேரம் நேரமாகவே வரவேண்டும்,
'இஷாவுக்குப் பிறகு' என்று வரக்கூடாது.
ஏக்கரும் தசமம்.
பெயர் மட்டும் எப்படியும் வரலாம்.

இரண்டாயிரம் சேர்ந்தால் உள்ளே ஒரு தள்ளு.
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தோராவதில் நின்றது.
பின்னால் வந்தவை வாசலில் குவிந்தன.

பெயர்: கலந்தர்லெவ்வை.
எடை: 2140. ஈரம்: 17.5.
ஏக்கர்:
'தாளில அஞ்சு. விதைச்சது ரெண்டு.
மிச்சம் வன இலாகாக் கல்லுக்கு அங்கால.'

மேடையில் நிற்கும் றிபாஸ்
கேட்டதை அப்படியே அடித்திருக்கிறான்.

ஐந்து என்று போட்டால் விளைச்சல் கேவலம்.
இரண்டு என்றால்
கல் நட்டவனுக்கு நான் வைத்த கையெழுத்து.
பூச்சியம் போட முடியாது,
ஒரு மெஷின் நெல் கண்முன்னே நிற்கிறது.
வெறுமை என்று விடலாம், அதற்கு இடமுண்டு.
வெறுமையோடு கணக்கு சண்டை பிடிக்காது,
சராசரி எடுக்கையில்
சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.
அதுதான் எனக்கு இடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.
யூபிஎஸ் நாலு தரம் கத்திவிட்டு அதுவும் போயிற்று.
நினைவகம் என்றால் அவ்வளவுதான்.
ஜெனரேட்டர் எழும்பியபோது
அட்டவணைகள் கழுவி வைத்த பீங்கான்.

பயமில்லை. தராசுப் பெட்டி
முதலிலிருந்து திரும்பச் சொல்லும், அதற்குச் சலிப்புக் கிடையாது.
சொன்னது.
ஒன்று, நூறு, ஆயிரம் என்று ஓடி வந்து
அதே இடத்தில்
அதே கல்லில் மோதி நின்றது.

சரி, அவரையே கேட்போம் என்று
தொலைபேசி நிரலைப் பார்த்தேன்.
ஒன்பது இலக்கம்.
எண்தானே என்று முழுவெண் வைத்திருந்தேன்.
எல்லாருடைய முன் பூச்சியத்தையும்
தின்றிருக்கிறது,
இரண்டு கிழமையாக,
ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல்.

பூச்சியத்தை நானே அமத்தி அழைக்கிறேன்.
மணி போகிறது.