படிதல்

பாலக்கோடு தக்காளி மண்டியில்
காலை ஆறரைக்கெல்லாம் அப்பாவுக்கு ஒரே சொல்:
"படியல."
இருபத்தேழு பெட்டியையும் திரும்ப ஏற்றினால்
வண்டி வாடகைக்குக் காணாது.
விற்றாலும் காணாது.
அன்று வெள்ளிச்சந்தை தாண்டி, ரோட்டோரம்,
யாருடையவோ மாடுகள்
முகமெல்லாம் சிவந்து நின்றன.

அதே நேரம் வீட்டில் அம்மா
என் உச்சியில் எண்ணெயை அறைந்து
சீப்பை இழுத்து இழுத்து
"படியுதா பாரு சனியன்" என்று
முடியைத் திட்டுவதுபோல் என்னைத் திட்டினாள்.

நான் படித்தேன்.
அந்த வீட்டில் ஒழுங்காகப் படிந்தது அது ஒன்றுதான்
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
பொய்.
பல்லிலும் படிந்துகொண்டிருந்தது.
முன்பல் நான்கிலும் காப்பி நிறத்தில்
வரி வரியாக,
ஏரி வற்றும்போது கரையில் விழுமே, அந்த மாதிரி.

ஒன்பதாம் வகுப்பு. தனிம அட்டவணை.
சேலத்திலிருந்து பஸ் ஏறி வரும் அறிவியல் சார்
ஸ்கேலால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டு வந்தார்.
ஒன்பதாவது கட்டம்: ஃபுளூரின்.
"ஹாலஜன் குடும்பம். கோடு போட்டுக்க, ரெண்டு மார்க்."
ஐம்பத்திரண்டு பேரும் கோடு போட்டோம்.
ஒருதரம் சத்தமாகச் சொல்லவும் செய்தோம்,
வாயை நன்றாகத் திறந்து.
ஸ்கேல் அட்டவணையிலேயே நிற்க
சார் முன்வரிசையைப் பார்த்தார்.
"பல்லு வெளக்கற பழக்கமே இல்லையா
இந்த ஊர்ல?"

மறுநாள் செங்கல் பொடியில் தேய்த்தேன்.
ஈறு கிழிந்தது.
ரெண்டு மார்க் வாங்கினேன்.

அப்புறம் வந்த எல்லாப் போட்டோவிலும்
உதடு மூடித்தான் இருக்கிறேன், பட்டமளிப்பு உட்பட.
ஓசூர் கம்பெனியில் கேட்டதெல்லாம் தெரிந்த கேள்விதான்.
மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே
பதில் சொன்னேன்.
எதிரே இருந்தவள் சான்றிதழைப் புரட்டவில்லை.
"தர்மபுரியா?" என்றாள்.
என்னை அவ்வளவு வேகமாக
யாரும் படித்ததில்லை.

இப்போது ஒரு ஸ்கூட்டி, ஒரு கிட் பெட்டி,
மாதம் பதினோராயிரம், ஒப்பந்தம்.
அகவிலைப்படி சாருக்கு உண்டு, எனக்கு இல்லை.
பென்னாகரம் பக்கம் ஒரு காலனி.
தொள்ளாயிரம் அடி போர், அதன் தலையில் கைப்பம்பு.
குழாயில் நீர் எடுத்து மருந்தைச் சொட்டுகிறேன்.
இளஞ்சிவப்பாக நிற்க வேண்டும்.
நிற்கவில்லை, மஞ்சளுக்குப் போகிறது.
அட்டையை ஒட்டி வைத்துப் பார்த்தால் மூன்று.
ஒன்றரைக்கு மேல் ஆகாது.

"தண்ணி பாஸாக்கா?"
நாலாவது படிக்கிறானாம், பெயர் மாதேஷ்.
ஃபெயில் என்றேன்.
தனக்கு ஒரு துணை கிடைத்தமாதிரி சிரித்தான்.
பார்த்ததும் எனக்கும் வாய் திறந்துவிட்டது,
பதினாலு வருஷப் பூட்டு.
அவன் சிரிப்பை நிறுத்தி என் பல்லையே பார்த்தான்.
"நீயும் வெளக்க மாட்டியா?"

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை.
பெட்டியைத் திறந்து பிரஷை எடுத்தேன்.
குடிக்க ஆகாத பம்புக்குச் சிவப்பு அடிக்க வேண்டும்,
அப்படித்தான் உத்தரவு.
கைப்பிடி, கழுத்து, மூக்கு.
தேதி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

சென்றாயன் பெண்சாதி குடத்தோடு
அதுவரை ஓரமாக நின்றாள்.
"அடிச்சாச்சா?"
அடிச்சாச்சு.
"அடுத்த தண்ணி எங்க இருக்கு?"
நோட்டைப் புரட்டினேன்.
மூன்று கிலோமீட்டரில் ஒன்று, அதுவும் சிவப்பு.
அட்டையில் ஏழு நிறம் உண்டு,
ஏழையும் பார்த்தேன்.

அவள் கொஞ்சம் பொறுத்தாள்.
பிறகு ஒரு விரலால் கைப்பிடியைத் தொட்டு
காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள்.
காயவில்லை.
குடத்தை மூக்குக்கு நேரே நகர்த்தி வைத்து,
உள்ளங்கையில் சிவப்பு படியப் படிய
அடிக்க ஆரம்பித்தாள்.