பத்து விநாடி

தரமணியில் நாலாவது மாடி.
தேனீக்களைக் கேட்பது என் வேலை.
பத்துப் பத்து விநாடியாய் நறுக்கிய ரீங்காரம்
ஹெட்போனில் வரும்.
ராணி உண்டு. ராணி இல்லை. இரைச்சல்.
மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும்.
ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு.

இதைத் தின்றுதான் இயந்திரம் படிக்கிறதாம்.
எனக்குப் படிக்க
ஒரு மதியமும் ஒரு பிடிஎஃப்பும் தந்தார்கள்.

ராணி இருக்கும் பெட்டி
கரண்ட் வந்த வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி
ஒரே சீராக முனகும்.
ராணி போன பெட்டி
தண்ணீர் லாரி இன்று வராது என்று
தெரிந்துவிட்ட தெரு.

பெட்டி பதினேழு
மடிப்பாக்கத்தில் ஏதோ ஒரு மொட்டைமாடி.
திரையின் ஓரத்தில் சென்சார் சொல்லும்:
உள்ளே முப்பத்தைந்து டிகிரி,
எடை பதினொரு கிலோ நானூறு.
வைத்திருப்பவர் யாரென்று தெரியாது.
இருமல் தெரியும்.
அவர் வீட்டுக் குக்கர்
நாலு விசிலில் அணைவது தெரியும்.
மாலையில் கொடித்துணி எடுக்க வரும் சிறுமி
கிளிப்புகளை எண்ணுவாள் சத்தமாக,
பதினொன்றை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவுவாள்.
எல்லாம் இரைச்சல்.
அப்படித்தான் அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை, ஆறே முக்கால்.
பெட்டி பதினேழில் தூரத்தே ஒரு மோட்டார்.
கொசுப்புகை வண்டி.
எங்கள் தெருவுக்கும் வருவதால் தெரியும்.
அடுத்த பத்து விநாடி முழுக்க அதுதான்.
அதற்கடுத்ததில்
படியேறி ஓடிவரும் செருப்பு,
ஈரச் சாக்கை உதறும் சத்தம்,
"மூடு, வாசல மூடு", நடுவில் அந்த இருமல்.
பிறகு சாக்குக்குள்ளிருந்து
மங்கலாக அவை.

எந்தப் பட்டன் இதற்கு?
தேவசகாயம் சார் எட்டிப் பார்த்தார்.
"இரைச்சல்தானே, அடிச்சுட்டுப் போம்மா."

அடித்தேன்.
இனி எந்தத் தெருவில் அந்த வண்டி நுழைந்தாலும்
இயந்திரம் காதில் போட்டுக்கொள்ளாது.
சொல்லிக்கொடுத்தது நான்.

இரவு ஒன்பது தாண்டி
மறுபடி பதினேழு, மறுநாள் மாலையின் துண்டு.
எடை நூற்று எண்பது கிராம் குறைவு.
முனகல் இருக்கிறது,
கொஞ்சம் கரகரப்பாக.
மூன்று முறை ஓட்டிக் கேட்டேன்,
கணக்கில் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.
பின்னால் அந்தச் சிறுமி:
எட்டு, ஒன்பது, பத்து

அதோடு துண்டு முடிகிறது.